கம்பிக்கும் ஓர் உயிர்ச்சான்று

மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில், தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றினை அளித்தல் வேண்டும் என்பது உங்களில் பலரும் அறிந்ததே. முன்னர் அதனைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலிருந்து விரல்ரேகையைப் பதித்து மின்னணு முறையிலும் அளிக்கலாம் என்னும் வசதி ஏற்பட்டது. இவ்வுயிர்ச்சான்று உரிய காலத்தில் வந்து சேராவிடில் ஓய்வூதியம் நின்றுவிடும். மௌனத்திற்கு அங்கே ஒரு பொருள் உண்டு.

சில ஆண்டுகட்கு முன்னர், நவம்பர் மாதக் கடைசியில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் தந்தையாரை இக்காரியத்திற்காக ஓர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றேன். காலை பத்து மணிக்கு முன்பே முதியோர் பதினைந்து இருபது பேர் அங்கே காத்திருந்தனர். விரல்ரேகைக் கருவி இருந்தது, கணிப்பொறி இருந்தது, பணியாளரும் இருந்தார். ஆனால் எத்தனை முறை விரலை வைத்தாலும், சிறிது நேரம் கழித்து முயலுமாறு சொல்லும் வாசகமே திரையில் தோன்றிற்று. சுவரோரம் இருந்த சுவிட்சு என்னும் சிறு பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பணியாளர் அவ்விளக்கைச் சுட்டிக் காட்டி, "எங்கள் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை, ஐயா" என்றார். இணைப்பு வழங்கும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தார். அவர்களும் தங்கள் பக்கம் சரியே என்றனர். அந்நிறுவனம் இடைவழிக்கு வேறொரு நிறுவனத்தின் தடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. அவர்களும் அதையே சொன்னார்களாம். மூவர் பக்கமும் சரியாக இருக்க, காரியம் மட்டும் நடக்கவில்லை.

மாலை ஐந்து மணிவரை காத்திருந்துவிட்டு எல்லாரும் எழுந்தோம். எங்களுக்கு முன்னால் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் இரண்டு பேருந்து மாறி வந்தவர். "நான் செத்துப்போகவில்லை என்று சொல்வதற்குக்கூட இவ்வளவு பாடா, தம்பி?" என்று என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் காரணம் தெரிந்தது. இடைவழியில் இருந்த ஒரு சுவிட்சில், முந்தைய இரவு நடந்த பராமரிப்பு வேலையின்போது, இவ்வலுவலகத்துக்குரிய தடத்தைக் குறிக்கும் ஓர் எண் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போயிருந்தது. எழுத்துப்பிழை போன்ற சிறு பிழை. அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். கண்டுபிடிக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின.

நான் கலைப் பட்டதாரி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். பொறியியல் பயின்றவன் அல்லன். ஆயினும் அதற்கடுத்த ஆண்டு, வலையமைப்புப் பணியாளருக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. ஈதர்நெட் சுவிட்சுகள் இணைப்புப் பழுதினைத் தாமே கண்டறியுமாறு அமைப்பது எப்படி என்பதே அதன் பொருள். படிக்கப் படிக்க, அம்மூதாட்டியின் கேள்விக்கு விடை அதில் இருப்பதை உணர்ந்தேன். அவ்விடையையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

முதற்கண், அந்தப் பச்சை விளக்கு ஏன் நம்மை ஏமாற்றிற்று என்பதைப் பார்ப்போம். உண்மையில் அது பொய் சொல்லவில்லை; தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லிற்று. சுவிட்சின் விளக்கு அடுத்த கருவிவரை மட்டுமே பார்க்கும். பக்கத்து வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பதே அதன் செய்தி. ஊர்க்கோடி வீட்டில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நம் அலுவலகத்திற்கும் தொலைவிலுள்ள மையத்திற்கும் இடையே பத்துச் சுவிட்சுகள் இருப்பின், பதினொரு துண்டுகள் இருக்கின்றன. பதினொன்றும் தனித்தனியே உயிருடன் இருக்கலாம். ஆயினும் ஒரு சுவிட்சு நமது தடத்தின் எண்ணை மறந்துவிட்டால், வழி அங்கே முடிந்துவிடும். விளக்குகள் எல்லாம் பச்சையாகவே எரியும்.

ஈதர்நெட்டின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இக்குறையின் காரணம் விளங்கும். 1973ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த செராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், ராபர்ட் மெட்காஃப் என்பார் இதற்கான திட்டத்தை வகுத்தார். ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணிப்பொறிகள் ஒரே கம்பி வாயிலாக உரையாட வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். 1983இல் அது ஐ.ஈ.ஈ.ஈ. என்னும் பொறியாளர் கழகத்தின் தரமாயிற்று. கட்டடத்துக்குள் கம்பி அறுந்தால், எழுந்து நடந்து போய்ப் பார்த்துவிடலாம். ஆகவே, அனுப்பிய செய்தி சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கம் ஈதர்நெட்டுக்கு இல்லாமலே போயிற்று. தபால் பெட்டியில் கடிதத்தைப் போடுவதுபோல், அது செய்தியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும், ஒப்புகை கேளாது.

பின்னர் இதே ஈதர்நெட் கட்டடத்தை விட்டு வெளியேறி, நகரத்தையும் மாநிலத்தையும் கடந்து செல்லத் தொடங்கிற்று. நடந்து போய்ப் பார்க்கும் தொலைவு மலையேறிப் போயிற்று. தொலைபேசித் துறையினர் தம் தடங்களுக்கு நெடுங்காலமாக வைத்திருந்த கண்காணிப்பு முறைகள் ஈதர்நெட்டுக்கும் வேண்டியிருந்தன. 2006ஆம் ஆண்டில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒய்.1731 என்னும் பரிந்துரையையும், 2007ஆம் ஆண்டில் ஐ.ஈ.ஈ.ஈ. கழகம் 802.1ஏஜி என்னும் தரத்தையும் வெளியிட்டன. இரண்டும் அடிப்படையில் ஒரே முறையைச் சொல்வன. அம்முறையை நான் 'இணைப்புப் பழுது கண்காணிப்பு' என்று தமிழாக்கினேன்.

அதன் உயிர்நிலை மிக எளியது. தடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு காவல் நிறுத்தப்படுகிறது. ஒவ்வொரு காவலும், "நான் இருக்கிறேன்" என்னும் ஒரு சிறு செய்தியைக் குறித்த இடைவெளியில் ஓயாது அனுப்பிக்கொண்டிருக்கும். மறுமுனைக் காவல் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும். செய்தி வரும்வரை கவலையில்லை. இடைவெளியைப்போல் மூன்றரை மடங்கு காலம் சென்றும் ஒன்றும் வராவிடில், இணைப்பு அறுந்தது என்று கொள்ளப்படும். நவம்பர் மாதத்தில் முதியோர் அளிக்கும் சான்றுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை அளிக்கிறார்கள்; கம்பி வினாடிக்கு ஒரு முறை அளிக்கிறது. அவ்வளவே.

இவ்விடைவெளிக்குத் தரத்தில் ஏழு அளவுகள் உள்ளன. 3.33 மில்லிவினாடி, 10 மில்லிவினாடி, 100 மில்லிவினாடி, 1 வினாடி, 10 வினாடி, 1 நிமிடம், 10 நிமிடம் என்பன அவை. 1 வினாடி என்று வைத்தால், பழுது மூன்றரை வினாடியில் தெரியும். 10 நிமிடம் என்று வைத்தால் 35 நிமிடம் ஆகும். அப்படியானால் மிகச் சிறிய அளவையே எங்கும் வைத்துவிடலாமே என்று தோன்றும். 3.33 மில்லிவினாடி என்பது வினாடிக்கு முந்நூறு செய்திகள். நூறு தடங்களைக் காக்கும் சுவிட்சு அப்போது வினாடிக்கு முப்பதாயிரம் செய்திகளை அனுப்பவேண்டும்; அதே அளவு கேட்கவும் வேண்டும். எல்லாச் சுவிட்சுகளாலும் இது இயலாது. பழுது நேர்ந்ததும் 50 மில்லிவினாடிக்குள் மாற்றுத் தடத்துக்கு மாறவேண்டிய முதுகெலும்பு இணைப்புகளுக்கே அத்தகைய வேகம் தேவை. ஒரு சிற்றூர் அலுவலகத்துக்கு ஒரு வினாடி தாராளம்.

இனி, இதனை அமைக்கும் வகையைச் சொல்கிறேன். கருவிக்குக் கருவி கட்டளைச் சொற்கள் வேறுபடும். தீர்மானிக்க வேண்டியவை வேறுபடுவதில்லை.

முதலாவது, களம். எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைவரை யாருடைய பொறுப்பு என்பதைக் குறிப்பது இது. களத்திற்கு ஒரு பெயரும், 0 முதல் 7 வரை ஒரு படிநிலை எண்ணும் வேண்டும். 7, 6, 5 ஆகியவை வாடிக்கையாளருக்கும், 4, 3 ஆகியவை சேவை வழங்கும் நிறுவனத்துக்கும், 2, 1, 0 ஆகியவை அதற்குத் தடம் கொடுக்கும் நிறுவனத்துக்கும் என்று பகிர்ந்துகொள்வது வழக்கம்.

இரண்டாவது, களத்தினுள் காக்கப்படும் ஒவ்வொரு தடத்துக்கும் உரிய குழு. ஆங்கில மூலத்தில் உள்ள சொல்லுக்கு நான் முதலில் 'பராமரிப்புச் சங்கம்' என்று எழுதிவிட்டேன். சரிபார்த்த நண்பர், "இவர்கள் எப்போது வேலைநிறுத்தம் செய்வார்கள்?" என்று கேட்ட பிறகு 'பராமரிப்புக் குழு' என்று மாற்றினேன். எந்தத் தடத்தைக் காப்பது, எந்த இடைவெளியில் செய்தி அனுப்புவது என்பவை இக்குழுவின்கீழ்க் குறிக்கப்படும்.

மூன்றாவது, முனைக்காவல். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8191 வரை ஓர் எண் உண்டு. ஒரே குழுவில் இருவருக்கு ஒரே எண் இருத்தலாகாது. அக்காவல் எத்திசையை நோக்கி நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். வாயிற்காவலன் வீதியை நோக்கியும் நிற்கலாம். முற்றத்தை நோக்கியும் நிற்கலாம். கம்பியை நோக்கி நிற்பது ஒரு வகை. சுவிட்சின் உள்ளே நோக்கி, அதனையும் கடந்து மறுபுறம் செல்லும் தடத்தைக் காப்பது மற்றொரு வகை. திசையை மாற்றி வைத்துவிட்டால், காவலன் விழித்திருந்தும் திருடன் வேறு வழியாகப் போய்விடுவான்.

நான்காவது, எதிர்பார்ப்போர் பட்டியல். மறுமுனையில் இன்னின்ன எண்ணுடைய காவல்கள் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இது. இவற்றுள் மிகவும் புறக்கணிக்கப்படுவது இதுதான். பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியர் பெயர் அழைக்கிறார். பதிவேட்டில் பெயரே இல்லாத மாணவன் வராவிட்டால், வரவில்லை என்று எவரும் அறியமாட்டார். சில சுவிட்சுகள், வந்த செய்திகளைக் கேட்டுத் தாமே பட்டியல் தயாரித்துக்கொள்ளும். வசதியானதுதான். ஆனால் தொடக்கத்திலிருந்தே வாய் திறவாதவன் அப்பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. பட்டியலைக் கையால் எழுதுவதே நன்று.

பிறகு காவல்களை விழிக்கச் செய்து, செய்தி அனுப்பத் தொடங்குமாறு ஆணையிடவேண்டும். காவலைப் படைத்துவிட்டு, அதனைப் பேசச் சொல்ல மறந்துபோவதும் உண்டு.

இரு முனையிலும் இவ்வமைப்புகள் ஒத்திருத்தல் இன்றியமையாதது. ஒரு முனையில் 1 வினாடி, மறுமுனையில் 10 வினாடி என்று இருப்பின், கம்பி நன்றாயிருந்தும் பிழை என்ற அறிவிப்பு எழும். களத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும், அந்நியர் செய்தி நம் தடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று கருவி கருதும். இவ்வந்நியர் நுழைவே தர ஆவணத்தின் வரிசையில் யாவற்றினும் பெரிய பழுது. ஓர் அலுவலகத்தின் செய்தி மற்றோர் அலுவலகத்துக்குப் போவது, ஒரேயடியாகப் போகாமலிருப்பதைவிடக் கேடு அன்றோ?

இன்னொரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். தடம் சில வேளைகளில் ஒரு திசையில் மட்டும் அறுந்துபோகும். என் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை. உங்கள் குரல் எனக்கு நன்றாகக் கேட்கிறது. அப்போது என்னைப் பொறுத்தவரையில் எல்லாம் நலமே. இதற்காகவே ஒவ்வொரு செய்தியிலும் ஒரு சிறு கொடி வைத்திருக்கிறார்கள். மறுமுனையைக் கேட்க இயலாத காவல், தான் அனுப்பும் செய்தியில் அக்கொடியை உயர்த்தும். "நான் இருக்கிறேன், ஆனால் உன் குரல் எனக்கு எட்டவில்லை" என்பது அதன் பொருள். தர ஆவணத்தின் இயல்பான அமைப்பில், இக்கொடி மட்டும் தனியே அபாய அறிவிப்பை எழுப்பாது. அறிவிப்பு வேண்டுமெனில் அதற்கென்று ஆணையிடவேண்டும்.

இப்போது அந்த நவம்பர் மாதத்து அலுவலகத்துக்குத் திரும்புவோம். இம்முறை அங்கே அமைக்கப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அலுவலகத்தின் காவல்கள் 6ஆம் படியிலும், சேவை நிறுவனத்தின் காவல்கள் 4ஆம் படியிலும், இடைவழி நிறுவனத்தின் காவல்கள் 2ஆம் படியிலும் அத்தடத்தில் நின்றிருக்கும் என்று கொள்வோம். உயர்ந்த படியின் செய்தி, தாழ்ந்த படியின் காவலைத் தடையின்றிக் கடந்து செல்லும். தாழ்ந்த படியின் செய்தி தன் எல்லையை விட்டு வெளியேறாது. ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவர் வீட்டுக்குள் கலப்பதில்லை. நள்ளிரவில் அவ்வெண் விடுபட்ட சில வினாடிகளில் மூன்று படிகளிலும் மௌனம் நிலவியிருக்கும். மிகத் தாழ்ந்த படியாகிய 2இலும் மௌனம் என்பதால், பழுது இடைவழி நிறுவனத்தின் எல்லைக்குள் என்பது அப்போதே தெளிவாகியிருக்கும். மாறாக, 2ஆம் படியில் குரல் கேட்டு, 4ஆம் படியில் மட்டும் மௌனம் என்றால், பழுது சேவை நிறுவனத்தின் சொந்தக் கருவியிலோ, இரு நிறுவனங்களும் கைகோக்கும் இடத்திலோ இருக்கவேண்டும். "எங்கள் பக்கம் சரி" என்று மூவரும் சொல்லும் உரையாடலுக்கு இடமே இல்லை.

எல்லை தெரிந்தபின் இடத்தைக் காண இரு கருவிகள் உள்ளன. ஒன்று எதிரொலிச் செய்தி. குறித்த ஒரு காவலை நோக்கிக் குரல் கொடுத்தால், அது அவ்வாறே மறுகுரல் கொடுக்கும். மற்றொன்று தடங்காண் செய்தி. வழிநெடுக இடைக்காவல்கள் என்று சிலவற்றை நிறுத்தியிருந்தால், இச்செய்தி போகும் வழியில் அவை ஒவ்வொன்றும் தனித்தனியே விடையளிக்கும். நான்காவது சுவிட்சு விடையளித்து, ஐந்தாவது விடையளிக்காவிடில், தேடவேண்டிய இடம் அவ்விரண்டுக்கும் நடுவில்தான். தொடர்ச்சிச் செய்தி அறுந்ததைச் சொல்லும். எதிரொலி அதை உறுதி செய்யும். தடங்காண் செய்தி இடத்தைக் காட்டும். மருத்துவர் நாடி பார்த்து, தட்டிக் கேட்டு, நோயின் இடம் காண்பதுபோன்ற வரிசை இது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. இது பழுதைச் சொல்லும், பழுதைத் திருத்தாது. தடம் திறந்திருக்கிறது என்று சொல்லும். மறுமுனையில் உள்ள கணிப்பொறி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறு சுவிட்சுகளுக்கு இத்திறன் கிடையாது. அபாய அறிவிப்பு எழுந்தும் அதனைப் பார்க்க ஆளில்லையேல், அவ்வறிவிப்பும் மற்றொரு மௌனமே.

பயிற்சிக் குறிப்பின் கடைசி வரி என் மனத்தில் பதிந்தது. எல்லாவற்றையும் அமைத்து முடித்த பின்னர், அலுவல் இல்லாத ஒரு வேளையில், வேண்டுமென்றே தடத்தை ஒரு முறை அறுத்துப் பார்க்கவேண்டும் என்று அது கூறிற்று. அறிவிப்பு எத்தனை வினாடியில் வந்தது, யாருக்கு வந்தது, அவர் என்ன செய்தார் என்பவற்றை எழுதிவைக்கவேண்டும். அமைத்துவிட்டோம் என்பது நம்பிக்கை. அறுத்துப் பார்த்தோம் என்பதே அறிவு. இவ்வொரு சோதனையைச் செய்யாமல் விட்டால், மேற்சொன்ன எல்லாமும் மற்றுமொரு பச்சை விளக்காகவே முடியும்.

மறுநாள் நாங்கள் மீண்டும் அவ்வலுவலகத்திற்குச் சென்றோம். என் தந்தையாரின் விரல்ரேகை தேய்ந்திருந்தது. மூன்றாவது முறை வைத்தபோது கருவி ஏற்றுக்கொண்டது. அம்மூதாட்டியை அன்று அங்கே காணவில்லை. பணியாளரைக் கேட்டேன், தெரியாது என்றார். பின்னர் வந்திருப்பார் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எண்பது வயதை நெருங்கியவரை அழைத்து, உயிருடன் இருப்பதற்குச் சான்று கொடுங்கள் என்று நாம் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை; பொதுப்பணத்தைக் காப்பதற்கு அது வேண்டும். ஆனால் அச்சான்றைச் சுமந்து செல்லும் கம்பியிடம் அதே கேள்வியை நாம் அன்று கேட்டிருக்கவில்லை. முதியவரை ஆண்டுக்கொரு முறை கேட்பவர்கள், கம்பியை வினாடிக்கொரு முறை கேட்கட்டும். அதற்கான முறை இருக்கிறது; அதை அமைக்க ஒரு பிற்பகல் போதும். அலுவலகங்களுக்கு இணைப்பு வாங்கும் பொறுப்பில் உள்ள நேயர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் ஒரே ஒரு வினாவை எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்: "தடம் அறுந்தால், எங்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரியுமா?" விடை 'ஆம்' எனில், அதனை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.